யெருத்திக்கு விழுந்த பச்சை நட்சத்திரங்கள்

தலைமையாசிரியர் எரிபெர்த்தோ போனை வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடிவந்தார். அவர் உடம்புக்கு ஓடுவது சாதாரண விஷயமில்லை. கையிலிருந்த தெரெரே கோப்பை குலுங்கி, குளிர்ந்த மூலிகைத் தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியிருந்தது.

"நிமியா! நம்ம யெருத்தி! மாவட்டம் முழுக்க மூணு பிள்ளைங்களைத்தான் எடுத்திருக்காங்க. அதுல ஒருத்தி நம்ம யெருத்தி!"

ஆங்கில டீச்சர் நிமியா ஆறாம் வகுப்பு வாசலில் நின்றிருந்தாள். "எதுக்கு சார் எடுத்திருக்காங்க?" என்று கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"இங்கிலீஷ் பேசறதுக்கு! அடுத்த மாசம் வில்லாரிக்காவுல, பெரிய அரங்கத்துல, மேடையேறிப் பேசணும். ஜெயிச்சா தலைநகரம் அசுன்சியோன்ல ஒரு வருஷம் இலவசப் படிப்பாம். டேப்லெட்டுல வந்த மார்க்கைப் பார்த்தே எடுத்துட்டாங்க. சிபாரிசு இல்லை, சொந்தக்காரன் இல்லை. மெஷினுக்கு ஓரவஞ்சனை கிடையாது பாத்தீங்களா!"

வகுப்புக்குள்ளே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் எட்கார் மேசையைத் தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த யெருத்தி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாக நிமியாவைத்தான் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த நன்றியை நிமியாவால் தாங்க முடியவில்லை. கரும்பலகையை அழிக்கத் திரும்பினாள். பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அந்த வருஷம் பள்ளி திறந்தபோதுதான் அரசாங்கத்திலிருந்து டேப்லெட்டுகள் வந்திறங்கின. அதற்கு முன்பு அந்த ஊரில் ஆங்கிலப் பாடம் என்றால் நிமியா பலகையில் எழுதுவாள், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், மணி அடிக்கும். வீட்டில் குவாரனி மொழி, கடைத்தெருவில் பாதி குவாரனி, பாதி ஸ்பானிஷ். ஆங்கிலம் என்பது பல பிள்ளைகளுக்குப் பனியனில் அச்சடித்த எழுத்து மட்டும்தான். நிமியாவே அதை வில்லாரிக்காவில் ஒரு மாலை வகுப்பில் பாதியும் போனைப் பார்த்து மீதியுமாகக் கற்றுக்கொண்டவள். தன் உச்சரிப்பின் மேல் அவளுக்கே சந்தேகம் உண்டு. யாராவது வெள்ளைக்காரர் ஊருக்கு வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

டேப்லெட் வந்தபிறகு வகுப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஹெட்போனை மாட்டினால் லண்டன்காரி ஒருத்தி காதுக்குள் பேசினாள். எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் திரும்பச் சொன்னாள். கரும்பு வெட்டுக்குப் போய்விட்டு வாரக்கணக்கில் பள்ளிக்கு வராத பிள்ளைகள், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறுகிற எட்கார், படத்தைப் பார்த்து மிருகங்களின் பெயரையெல்லாம் ஆங்கிலத்தில் ஒப்பித்தான். "பத்து வருஷமா நான் செய்யாததை இது ஒரு மாசத்துல செஞ்சிடுச்சு" என்று நிமியா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, நிறைய சந்தோஷமும் இருந்தது.

யெருத்திக்கும் அது முதலில் நல்லதையே செய்தது. பன்னிரண்டு வயதுப் பெண். குவாரனியிலும் திக்கும், ஸ்பானிஷிலும் திக்கும். பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்கும். அதனால் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ஹெட்போனுக்குள் அவளை யாரும் கேள்வி கேட்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. கேட்டுப் புரிந்துகொண்டு சரியான விடையைத் தொடுகிற பகுதியில் வகுப்பிலேயே அவள்தான் முதல். இரண்டாமிடத்தில் இருந்தவள் வெகு தூரம் பின்னால் இருந்தாள்.

பேசும் பகுதியில்தான் சிக்கல். திரையில் ஒரு வாக்கியம் வரும். மைக் படத்தைத் தொட்டுவிட்டு அதைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பச்சை நட்சத்திரம் ஒன்று துள்ளிக்கொண்டு வரும். இல்லையென்றால் ஒரு சிவப்பு முகம் உதட்டைப் பிதுக்கும். லண்டன்காரி அதே உற்சாகத்தோடு "ட்ரை அகைன்!" என்பாள், இன்னொரு தடவை சொல்லு என்று. யெருத்தி முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே மெஷின் மைக்கை மூடிவிடும். நட்சத்திரம் விழாமல் அடுத்த பாடம் திறக்காது. வகுப்பு முழுக்க சந்தை, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் நாய், பூனைப் பாடத்திலேயே கிடந்தாள்.

பாதி ஹெட்போன்கள் சீக்கிரமே கெட்டுப்போயின. யெருத்தியினுடையதும் அதில் ஒன்று. அதன்பிறகு அவளுக்கு விழுந்த ஒவ்வொரு "ட்ரை அகைன்" குரலும் வகுப்புக்கே கேட்டது.

எட்கார்தான் ஆரம்பித்துவைத்தான். "ஏய் ட்ரை அகைன், அந்த ரப்பரைக் கொஞ்சம் குடு." எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் கால்பந்து மைதானத்திலும் அதுவே அவள் பெயராகிவிட்டது.

நிமியா உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் இருந்த பையன், "பிள்ளை தெளிவாப் பேசணும் டீச்சர். மைக்கைக் கிட்டக்க வச்சுப் பேசச் சொல்லுங்க" என்றான்.

"அவளுக்குத் திக்குது தம்பி. கொஞ்சம் கூட நேரம் குடுக்கற மாதிரி மாத்த முடியாதா?"

"அப்படி எதுவும் இல்லையே டீச்சர். குறிச்சு வச்சுக்கறேன்."

குறித்து வைத்தானோ என்னவோ.

பள்ளியில் இன்டர்நெட் பேருக்குத்தான் இருந்தது. அதனால் வாரக் கடைசியில் டேப்லெட்டுகளைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் மார்க்குகளை அனுப்புவது நிமியாவின் வேலை. ஒரு சனிக்கிழமை காலை, மாந்தியோக்கா கிழங்கை அடுப்பில் போட்டுவிட்டு, யெருத்தியின் டேப்லெட்டைத் திறந்தாள். சிவப்பு முகங்கள் வரிசையாக உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு வாக்கியம்தான் தடையாக நின்றது. அதைத் தாண்டினால் பிள்ளை அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாள். நிமியா கதவுப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. மைக்கைத் தொட்டுவிட்டு, தன் குரலில், நாய் வீட்டுக்கு வெளியே தூங்குகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பச்சை நட்சத்திரம் துள்ளி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதைப் பார்த்து அவளுக்கே ஒரு குஷி வந்தது. தன் உச்சரிப்பை ஒருவர் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

திங்கள்கிழமை யெருத்தி டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு ஓடிவந்தாள்.

"டீ… டீச்சர்! நட்சத்திரம்! வெள்ளிக்கிழமை க… கடைசியா ஒரு தடவை சொன்னேனே, அதை ஏ… ஏத்துக்கிச்சு போல!"

நிமியாவின் வாய்க்கு வந்துவிட்டது, இல்லைடா கண்ணு, நான்தான் உனக்காகச் சொன்னேன் என்று. சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதை எப்படி அணைப்பது?

"ஆமா" என்றாள். "ஏத்துக்கிச்சு."

அந்த ஆமாவைத்தான் பிறகு அவள் நினைத்து நினைத்து நொந்தாள். நட்சத்திரம் வாங்கிக் கொடுத்ததைவிட அந்த ஒரு சொல்தான் பெரிய குற்றமாகத் தோன்றியது.

ஆமா சொன்னபிறகு நிறுத்த வழியில்லை. அடுத்த வாரம் சிவப்பு முகமே வந்தால் பிள்ளை என்ன நினைப்பாள்? நிமியா ஒவ்வொரு சனிக்கிழமையும் பேசினாள். சந்தையில் பழம் விலை கேட்டாள், ஆஸ்பத்திரியில் தலைவலி என்றாள், ரயிலுக்கு வழி கேட்டாள். எல்லாமே யெருத்தியின் கணக்கில் பச்சையாக விழுந்தன. அவள் கொஞ்சம் அளவாகச் செய்திருக்கலாம். தன் உச்சரிப்புக்குக் கிடைத்த பாராட்டில் அவளுக்கும் ஒரு ருசி விழுந்துவிட்டது.

அதனால் நல்லதும் நடந்தது, அதுதான் கொடுமை. மெஷின் தன்னை ஏற்றுக்கொண்டது என்று நம்பிய யெருத்தி, வகுப்பில் கை தூக்க ஆரம்பித்தாள். திக்கியது, ஆனால் கையைக் கீழே போடவில்லை. ஒருநாள் பாதி வாக்கியத்தில் நின்றபோது எட்கார் சிரிக்கப் போனான். அவனையே திரும்பிப் பார்த்து, முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பட்டப்பெயர் தானாக மறைந்தது. அவள் அம்மா ப்ளாசிதா நெடுஞ்சாலையில் பஸ் பஸ்ஸாக ஏறிச் சிப்பா ரொட்டி விற்கிறவள். ஒருநாள் சூடான சிப்பா நாலைந்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டாள்.

"சாப்பிடுங்க டீச்சர். என் பிள்ளை வீட்டுல இங்கிலீஷ் பேசறா. எங்க கோழிகிட்டக்கூட இங்கிலீஷ்தான்."

நிமியா ஒரு வாய் கடித்தாள். பாலாடைக்கட்டி மணக்கிற அருமையான சிப்பா. மீதியைத் துணியில் சுற்றி மேசைக்குள் வைத்தாள்.

இப்போது வில்லாரிக்காவிலிருந்து போன் வந்துவிட்டது.

எரிபெர்த்தோ பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். தினமும் பள்ளி முடிந்ததும் யெருத்தியும் நிமியாவும் காலி வகுப்பில் உட்கார்ந்தார்கள். தன் ஊரைப் பற்றிச் சின்னதாக ஒரு பேச்சு. யெருத்தியே எழுதியது, தப்பே இல்லாமல் எழுதியிருந்தாள். எழுந்து நின்று வாயைத் திறந்தாள். முதல் சொல் வரவில்லை. மறுபடி முயன்றாள். கால் விரலால் தரையை அழுத்தினாள், கண்ணை மூடினாள். இரண்டாவது வரிக்கு வந்து சேர்வதற்குள் வெளியே கரும்பு லாரி ஒன்று வந்து திரும்பிப் போய்விட்டது.

"பரவாயில்ல, அவசரமில்ல" என்றாள் நிமியா.

யெருத்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மே… மேடையில டேப்லெட் வச்சிருப்பாங்கல்ல டீச்சர்? ம… மனுஷங்களுக்குத்தான் நான் பேசறது புரியாது. அதுக்கு பு… புரியும்."

நிமியா அன்று வீட்டுக்கு வந்து வெகு நேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மேடை கண்ணுக்குள் வந்தது. நூறு பேர் கூடியிருக்கிற அரங்கம், முன்வரிசையில் பெரிய அதிகாரிகள், நடுவில் தன் மாணவி, வராத முதல் சொல். பிள்ளை கையில் டேப்லெட் இருக்காது. மெஷினை நம்பிப் போனவள் மனிதர்கள் முன்னால் தனியாக நிற்பாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு பக்கம் தோன்றியது. உண்மையைச் சொல்லாமலே பிள்ளையை மேடையிலிருந்து காப்பாற்றிவிட்டால் என்ன என்று இன்னொரு பக்கம். இரண்டாவது வழி சுலபமாகத் தெரிந்தது. அதைத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ப்ளாசிதாவின் வீட்டுக்குப் போனாள். முற்றத்து லபாச்சோ மரம் இலையே இல்லாமல் ரோஜா நிறத்தில் பூத்துக் கிடந்தது. ப்ளாசிதா மண் அடுப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கொடியில் புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கழுத்தோரம் முழுக்க நுணுக்கமான பூவேலை.

"மேடைக்கு" என்றாள் ப்ளாசிதா, நிமியா பார்ப்பதைப் பார்த்து. "என் தங்கச்சி போட்ட பூவேலை. உக்காருங்க டீச்சர்."

நிமியா உட்கார்ந்தாள். "ப்ளாசிதா, நான் ஒண்ணு சொல்லுவேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. வில்லாரிக்கா இந்த வருஷம் வேண்டாமோன்னு நினைக்கிறேன்."

"என்னது?"

"கூட்டம் ஜாஸ்தி. அவளுக்குப் பேச்சு வேற… உங்களுக்கே தெரியும். பயந்துட்டான்னா, மனசு விட்டுப்போயிடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். உடம்பு சரியில்லைன்னு நானே சொல்லிடறேன்."

ப்ளாசிதா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "நீங்கதானே டீச்சர் நல்லாப் பேசறான்னு சொன்னீங்க? மெஷினே நட்சத்திரம் குடுத்துச்சே. இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா…"

"நா… நான் திக்குறதாலதானே?"

வீட்டு வாசலில் யெருத்தி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியவில்லை. "எ… என்னைக் கூட்டிட்டுப் போக உங்களுக்கு வெ… வெக்கமா இருக்கு. அதானே டீச்சர்?"

"ஐயோ, இல்லடா!"

"அப்ப வேற எ… என்ன?"

அதற்குப் பதில் ஒன்றுதான். அது நிமியாவின் நாக்கு நுனியில் நின்றது. அம்மாவும் மகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் அந்த வெள்ளைச் சட்டை ஆடியது. நிமியா, "யோசிச்சுப் பாருங்க" என்று என்னவோ முனகிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு நடந்தாள். பிள்ளைக்கு ஒரு பொய்யைக் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற, அவள் திக்குவது ஒரு அவமானம் என்ற இன்னொரு பொய்யையும் கொடுத்தாகிவிட்டது. எட்கார் கொடுத்த பட்டப்பெயர் இதற்கு எவ்வளவோ மேல். அவன் சின்னப் பையன்.

திங்கள்கிழமை கடைசி மணி அடித்ததும், "யெருத்தி, நீ கொஞ்சம் இரு" என்றாள்.

யெருத்தி பையை மாட்டியபடியே நின்றாள். உட்காரவில்லை. நிமியா சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லமாட்டாள் என்று அவளுக்கே தெரியும்.

"உன்னை அனுப்ப எனக்கு வெக்கம் இல்லை. என்மேலதான் எனக்கு வெக்கம். உன் டேப்லெட்டுல பேசற பாடத்துக்கெல்லாம் நட்சத்திரம் விழுந்துச்சே, அது நீ பேசி விழலை. நான் பேசினேன். சனிக்கிழமை வீட்டுல வச்சு, உன் பேருல நான் பேசினேன்."

யெருத்திக்கு முதலில் புரியவில்லை. "எ… எந்தப் பாடம்?"

"எல்லாம். நாய் வெளியே தூங்குதுன்னு வந்துச்சே, அதுலேருந்து."

"கே… கேட்டு விடை தொடறது?"

"அது எல்லாம் நீ. ஒண்ணுகூட நான் தொடலை. சத்தியமா."

"போ… போட்டி பேசறதுக்குத்தானே டீச்சர்."



யெருத்தி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கும் என்று நிமியா எதிர்பார்த்தாள். குலுங்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்: "அப்ப, ஒ… ஒரு தடவைகூட அது என்னைக் கேக்கலை."

"என்னை மன்னிச்சுடு."

"அம்மா எல்லா ப… பஸ்லயும் சொல்லிட்டாங்க." அவள் திரும்பினாள். கண் காய்ந்தே இருந்தது. "நா… நான் சொல்ல மாட்டேன். அம்மாகிட்ட நீ… நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் காலை நிமியா நெடுஞ்சாலைக்குப் போனாள். ப்ளாசிதா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெள்ளைத் துணிக்கடியில் சிப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்தும் முகம் கொடுக்கவில்லை.

"ப்ளாசிதா, ஒரு நிமிஷம்."

"வில்லாரிக்கா பஸ் வருது டீச்சர். வியாபார நேரம்."

பஸ் நின்றது. அவள் ஏறினாள். நிமியாவும் பின்னாலேயே ஏறினாள். "சிப்பா, சூடு சிப்பா!" என்று கூவிக்கொண்டே ப்ளாசிதா இருக்கைகளுக்கு நடுவே போனாள். நிமியா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தாள். தினமும் அதே பஸ்ஸில் போகிற பெரியவர் ஒருவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு, "உன் பொண்ணு எப்ப மேடை ஏறுறா? நாங்கெல்லாம் கை தட்ட வர்றோம்" என்றார்.

"பதினஞ்சாம் தேதி" என்றாள் ப்ளாசிதா பெருமையாக. பிறகு நிமியா பக்கம் திரும்பாமலே, "கேட்டீங்களா டீச்சர்?" என்றாள்.

"ப்ளாசிதா, அந்த நட்சத்திரத்தை யெருத்தி வாங்கலை. நான் வாங்கினேன்."

கூடை ஒரு நொடி நின்றது. நிமியா நடந்ததைச் சொன்னாள். பஸ் குலுங்கலில் பாதி வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் ஜன்னலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு காதைக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை பட்ட அவமானம் பொறுக்காமல்தான் தொடங்கினேன் என்று சொன்னாள். சொன்ன மறுகணமே, அது எவ்வளவு மலிவான சமாதானம் என்று அவளுக்கே கேட்டது.

ப்ளாசிதா கத்துவாள் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ பொறந்து ரெண்டு வருஷம் அம்மான்னு சொல்லலை" என்றாள் ப்ளாசிதா மெதுவாக. "மாமியார் சொன்னா, நீயே பேசிக்காட்டு, நீயே பதில் சொல்லுன்னு. நான் மாட்டேன்னுட்டேன். அவளா சொல்லட்டும்னு காத்திருந்தேன். சொன்னா. எத்தனை நாளானாலும் நான் அவ வாயில வார்த்தையை வச்சதில்லை டீச்சர்."

பிறகு முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டிரைவரண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. டீச்சர் இறங்கணுமாம்."

பஸ் நின்றது. இரண்டு பக்கமும் கரும்புக் காடு, நடுவில் ஒரு ஊர்கூட இல்லை. நிமியா இறங்கினாள். கதவு மூடுவதற்குள் உள்ளிருந்து, "சிப்பா, சூடு சிப்பா!" என்ற குரல் கேட்டது. கொஞ்சம் உடைந்திருந்தது, ஆனாலும் கூவினாள். செம்மண் புழுதி அடங்கும்வரை நிமியா அங்கேயே நின்றாள். அன்று பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு வகுப்புகள் முடிந்திருந்தன.

எரிபெர்த்தோவிடம் சொன்னபோது அவர் தெரெரேயை உறிஞ்சுவதை நிறுத்தவில்லை.

"யாருக்குத் தெரியும் இது?"

"பிள்ளைக்கு, அவ அம்மாவுக்கு, பஸ்ல காதுல விழுந்த நாலு பேருக்கு, இப்ப உங்களுக்கு."

"அப்ப இதோட விட்டுடுங்க. உடம்பு சரியில்லைன்னு எழுதிடுவோம். நிமியா, நீங்க ஒருத்தர்தான் இப்படிச் செஞ்சீங்கன்னு நினைக்கிறீங்களா? பக்கத்து ஊர்ல ஒரு வாத்தியார் வகுப்பு மொத்தத்துக்கும் தானே டேப்லெட்டுல பேசறாராம். மேலேருந்து மார்க் கேக்கறாங்க, கீழேருந்து குடுக்கறோம்."

"நான் மேலதிகாரிக்குப் போன் பண்ணப்போறேன் சார்."

"பண்ணா என் பள்ளிக்கூடம் பேர் கெடும்."

"கெடும் சார்" என்றாள் நிமியா. போன் செய்தாள்.

மாவட்ட மேற்பார்வையாளர் அம்மாள் கோபப்படவில்லை. களைத்த குரலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். யெருத்தியின் பெயர் நீக்கப்பட்டது. வேறு ஊர்ப் பிள்ளை ஒன்று போனது. நிமியாவின் பணிப்பதிவில் ஒரு கண்டனம் ஏறியது. டேப்லெட்டுகளின் பொறுப்பு கணக்கு டீச்சருக்குப் போனது. மெஷின் காத்திருப்பதில்லை, திக்குகிற பிள்ளை அதில் ஜெயிக்கவே முடியாது என்று நிமியா திரும்பத் திரும்பச் சொன்னதற்கு, "அதையும் தெரிவிக்கிறேன்" என்றார் அந்த அம்மாள். எரிபெர்த்தோ இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதெல்லாம் அவளுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. ஜன்னலோரப் பெஞ்சு மட்டும்தான் உறைத்தது. யெருத்தி தினமும் வந்தாள், எழுதினாள், கேட்கும் பகுதியில் எப்போதும் போல முதலில் முடித்தாள். ஆங்கில வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. கை தூக்குவதும் நின்றுபோனது. விஷயம் ஊரெல்லாம் பரவியிருந்ததால் எட்கார்கூட வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் நிமியாவின் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "டீச்சர், என் நட்சத்திரமெல்லாம் நான் பேசினதுதானே?" என்று கேட்டான்.

"நீ பேசினதுதான்டா."

"நிஜமா?"

"நிஜமா."

அவன் நம்பினானா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வகுப்பிலிருந்த எல்லாப் பிள்ளைகளின் நட்சத்திரத்தையும் தான் அழுக்காக்கிவிட்டது நிமியாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

நவம்பரில் வருஷக் கடைசிப் பரீட்சை வந்தது. மெஷின் மார்க்கையே எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி இருந்தது. நிமியா, எழுத்துக்கும் கேட்பதற்கும் டேப்லெட் போதும், பேச்சை மட்டும் நான் நேரில் கேட்கிறேன் என்றாள். ஒவ்வொரு பிள்ளையாகத் தனி அறைக்குக் கூப்பிட்டாள். அதற்கே முழுசாக மூன்று நாள் பிடித்தது. எரிபெர்த்தோ தலையில் அடித்துக்கொண்டார்.

யெருத்தி கடைசி ஆளாக வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"நீ பேசணும்னு கட்டாயம் இல்லை" என்றாள் நிமியா. "எழுத்து மார்க்கை வச்சே நீ பாஸ்."

"பே… பேசறேன்." பல வாரங்களுக்குப் பிறகு அவளிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அது. "ஆனா நீங்க எ… என் வாயைப் பாக்கக் கூடாது. அ… அந்தப் பக்கம் திரும்பிக்கணும்."

நிமியா நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. பின்னால் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு எதுவும் இல்லை. பிறகு முதல் எழுத்து வந்தது, மறுபடி அதே எழுத்து, மறுபடியும். என்ன சொல் வரப்போகிறது என்று நிமியாவுக்குத் தெரியும். அவள் நாக்கு அதைச் சொல்லத் துடித்தது. பற்களைக் கடித்துக்கொண்டாள். சொல் வந்தது. அடுத்தது வந்தது. பக்கத்து அறையில் மணி அடித்தது, பிள்ளைகள் கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள், மைதானம் அடங்கியது. பின்னால் அந்தக் குரல் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஆற்றுக்குப் போனது, மீன் பிடித்தது, அது நழுவிப்போனது, அம்மா தண்ணீரில் விழுந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் நிமியாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. திரும்பி உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

"மு… முடிஞ்சிடுச்சு" என்றாள் யெருத்தி.

நிமியா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். ஐந்துக்கு நாலு என்று எழுதினாள்.

யெருத்தி எட்டிப் பார்த்தாள். "ஏ… ஏன் நாலு?"

ஐந்து போட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை நிமியாவுக்குள் எழுந்தது. எழுதுகோல் கையிலேயே இருந்தது. ஐந்து போட்டால் எல்லாம் கொஞ்சம் லேசாகிவிடும்.

"நடந்து முடிஞ்சதைச் சொல்லும்போது மூணு இடத்துல 'கோ'ன்னே சொன்னே. 'வென்ட்'னு சொல்லியிருக்கணும்" என்றாள்.

யெருத்தி யோசித்தாள். உதடு அசைந்து, அந்த மூன்று இடங்களையும் உள்ளுக்குள் தேடுவது தெரிந்தது.

"ரெ… ரெண்டு இடம்தான்" என்றாள். "மூ… மூணாவது இடத்துல சரியாத்தான் சொன்னேன். நீங்க ச… சரியாக் கேக்கலை."

"இருக்கலாம்" என்றாள் நிமியா. "ஆனாலும் நாலுதான்."

"சரி."

யெருத்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. மைதானத்தைக் கடந்து, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி, அம்மா இறங்குகிற பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். நிமியா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது இடத்தில் பிள்ளை என்னதான் சொன்னாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். எவ்வளவு முயன்றும் நினைவு வரவில்லை.